மேல்துறையில் மடித்து வைத்த சட்டை

மனித குலம் தண்ணீரை விட்டு வெளியே வருவதற்குப் பல கோடி ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. செவுளைத் துறந்து, துடுப்பைக் காலாக்கி, சேற்றில் மூச்சிரைக்கத் தவழ்ந்து, கடைசியில் ஒருவழியாக நாற்காலியையும் காபியையும் கண்டுபிடித்திருக்கிறது. அப்படியிருக்க, லீவு போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பனி உருகி வருகிற ஆற்றில் மறுபடியும் போய் இறங்குகிறவன் பரிணாம வளர்ச்சியின் முகத்தில் காறித் துப்புகிறான்.

இது ரூடியின் தீர்மானமான கொள்கை. இருபத்தாறு வயதில் உலகத்துக்குச் சொல்ல அவனிடம் வேறு செய்தி எதுவும் இல்லாததால், இதையே எல்லாரிடமும் சொல்லிவந்தான். வியாழக்கிழமை மதியம் அதைக் கேட்கும்படி ஆனவர் அவன் அக்கா கணவர் ரெட்டோ. அவருக்கு எழுந்து போக வசதி இல்லை. பெர்ன் நகரப் போலீசின் லாக்கப்பில் இருந்தார்.

"அதான் சொல்றேன் மாமா. மனுஷனா லட்சணமா வீட்ல உக்காந்து டிவி பாத்திருந்தீங்கன்னா, அக்கா சாட்சி சொல்லியிருப்பா. ஆத்துல மிதந்துட்டிருந்தேன்னா யாரு சாட்சி? வாத்தா?"

ரெட்டோ தலையைத் தூக்கினார். கீழுதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. வலது கை முட்டிகள் வீங்கி, கறுத்து, வேறு யாருடைய கையோ போல் மேஜைமேல் கிடந்தன.

"மாப்ள, உங்க அக்கா எங்கடா?"

"வெளிய நிக்கிறா. உங்கள அரெஸ்ட் பண்ணின போலீஸ்காரர ஹேண்ட்பேக்கால அடிச்சுட்டா. இப்ப அவரும் சாட்சி."

"ரூடி," என்றார் பின்னாலிருந்து வெரேனா. "வாய மூடு."

ரூடி மூடினான். தனியார் துப்பறிவாளர் வெரேனா ஷ்டுக்கியிடம் மூன்று வருஷமாக உதவியாளனாக இருக்கிறான். எப்போது மூடுவது என்பதை மட்டும் ஒழுங்காகக் கற்றிருந்தான். வெரேனாவுக்கு ஐம்பத்தைந்து வயது, அகன்ற தோள்கள், பெர்ன்காரர்களுக்கே உரிய நிதானமான பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பார்த்து, பரவாயில்லை என்று தோன்றினால் வெளியே விடுவார். போன கேஸில் ஒரு நகைத் திருடனை உதைத்ததில் அவன் தாடையும் வெரேனாவின் இடது முழங்காலும் ஒரே சமயத்தில் உடைந்தன. முழங்காலில் மாவுக்கட்டு, அக்குளில் ஊன்றுகோல்.

"ரெட்டோ, மொதல்லேர்ந்து சொல்லு."

சொல்வதற்கு அதிகம் இல்லை. செத்துப்போனவன் ஊர்ஸ். விடுமுறைக்கு வருகிறவர்களை, வெளியே தெரியாத ஆற்றுத் துறைகளுக்கும் ஏரிக்கரைகளுக்கும் குளிக்கக் கூட்டிப்போவது அவன் தொழில். ரெட்டோவும் அவனும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக ஆரே ஆற்றில் மிதந்தவர்கள். நகரத்துக்கு மேலே நரிக்குழி என்று ஒரு மடு. வெளியாட்களுக்கு அதைக் காட்டக் கூடாது என்பது அங்கே குளிப்பவர்கள் யாரும் எழுதி வைக்காத சட்டம். இந்த வாரம் ஊர்ஸ் வெளியூர்த் தம்பதி ஒன்றை அங்கே கூட்டிப்போனான். திங்கட்கிழமை சாராயக் கடையில் ரெட்டோ அவனைப் பிடித்து, முன்பல் ஒன்றைப் பெயர்த்து, பதிலுக்கு உதடு கிழிபட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்: "இன்னொரு தடவ எவனையாவது அங்க கூட்டிட்டு வா, மண்டைய ஒடச்சு அணையில சொருகிடறேன்!"

புதன்கிழமை மதியம் ஊர்ஸ் மண்டை உடைந்து அணையில் சொருகியிருந்தான். சொன்ன வார்த்தையை வரிசை மாறாமல் யாரோ நிறைவேற்றியிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தான் மேடம்," என்றார் ரெட்டோ. "என்னமோ சொல்லணும்னான். பல்லு போன வாயோட, 'ரெட்டோ, ஒரு நிமிஷம் கேளுடா'ன்னான். நான் கதவ அவன் மூஞ்சில சாத்தினேன்."

ஆறடி ஆள், தாடி முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் அரசு வக்கீல் வர்றார்," என்றார் வெளியே வந்ததும் வெரேனா. "அவர் கையெழுத்துப் போட்டுட்டார்னா உங்க மாமா வெளிய வரும்போது உனக்கு முடி நரச்சிருக்கும்."

ரூடிக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. நடைபாதையில் காத்ரின் அக்கா நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். "டேய், அவர் பண்ணலடா," என்றாள். அவ்வளவுதான். பண்ணியிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்வாள் என்பது ரூடிக்குத் தெரியும். பண்ணவில்லை என்று தனக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

*

ஊர்ஸ் அடிபட்ட துறவிப்படிக்குப் போகும் ஆற்றோரப் பாதையில் நகரமே ஜட்டியோடு நடந்து போய்க்கொண்டிருந்தது. வங்கி மேனேஜர் போல் ஒருவர், பேராசிரியர் போல் ஒரு அம்மாள், குழந்தையைத் தோளில் வைத்த ஒரு தகப்பன். எல்லாரும் வெறுங்காலோடு சரளையில் நொண்டிக்கொண்டு மேல்நோக்கி.

"பாருங்க மேடம்," என்றான் ரூடி. ஜோக் அடிக்காவிட்டால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. "துணியெல்லாம் கீழ்த்துறையில அவுத்து வெச்சிட்டு, காலு தேயத் தேய மேல நடந்து, குதிச்சு, கிடுகிடுன்னு நடுங்கி, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேருவாங்களாம். இதுக்குப் பேரு பொழுதுபோக்காம். எங்க மாமா ஒரு நாள் என்கிட்ட சொல்றார், 'தண்ணிக்குள்ள காத வெச்சுக் கேளு மாப்ள, கூழாங்கல்லு உருள்ற சத்தம் கேக்கும், ஆறு பேசும்'னு. காது டாக்டர்ட்ட காட்டுங்க மாமான்னேன்."

"நானும் கேட்டிருக்கேன்," என்றார் வெரேனா.

"ரெண்டு பேரும் சேந்து போங்க. டிஸ்கவுன்ட் கெடைக்கும்."

துறவிப்படி என்பது பெரிய மரங்களுக்கு அடியில் ஆற்றுக்குள் இறங்கும் நாலைந்து கல்படிகள். மேல்படியில் கறை இன்னும் இருந்தது. போலீஸ் கழுவியும் போகாமல் கல்லின் கண்களுக்குள் இறங்கி உறைந்திருந்தது. ஈக்கள் மொய்த்தன. பின்மண்டையில் அடித்தவன் ஒரு அடியோடு நிறுத்தவில்லை. மூன்று, நாலு. முதல் அடியிலேயே ஊர்ஸ் விழுந்திருப்பான். மற்றவை அவன் எழுந்திருக்கக் கூடாது என்பதற்காக. ரூடி வேறு பக்கம் பார்த்தான். அங்கே ஆறு பச்சையாக, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

வெரேனா போனை நீட்டினார். போலீஸ் எடுத்த படம். அதே மேல்படியின் ஓரம். அளவெடுத்தாற்போல் மடித்த சட்டை, அதன்மேல் கால்சட்டை, அதன்மேல் நாலாக மடித்த துண்டு. பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்த ஷூ. இடது ஷூவுக்குள் கூலிங் கிளாஸ்.

"போலீஸ் சொல்றது இது. ஊர்ஸ் இங்க துணியக் கழட்டி வெச்சான், எறங்கக் குனிஞ்சான், பின்னாடியிருந்து ரெட்டோ அடிச்சான். படத்துல என்ன தப்பு?"

"ஊர்ஸ் ரூமுக்கு நான் போயிருக்கேன் மேடம். அவன் மடிச்சு நான் பாத்தது பீட்சா மட்டும்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இந்தப் பைத்தியங்களுக்கே உள்ள பைத்தியம்தான். துணிய இங்க வெச்சிட்டு எறங்கினான்னு வெச்சுக்கங்க. ஆறு இழுத்துட்டுப் போயி கீழ விடும். அப்புறம் ஈர ஜட்டியோட இவ்வளவு தூரம் நடந்து வந்து சட்டையப் போட்டுக்கணும். அதுக்குத்தானே இவனுங்க துணியக் கீழ வெக்கிறானுங்க? இல்லேன்னா பையில போட்டு மெதக்க விட்டு இழுத்துட்டு வருவானுங்க. மேல வெச்சிட்டுப் போற அளவுக்கு எவனும் இந்த ஊர்ல…"

ரூடி நின்றான்.

ஜட்டியோடு போன வங்கி மேனேஜரைப் பார்த்தான். அவர் கையில் எதுவும் இல்லை. பேராசிரியர் அம்மாள் கையிலும் எதுவும் இல்லை. மேல்நோக்கி நடந்த அத்தனை பேரும் வெறுங்கையோடு போனார்கள்.

"சொல்லு," என்றார் வெரேனா. முகத்தில் சந்தோஷம் மெதுவாக, நடந்தே வந்து சேர்ந்தது. "மூணு வருஷத்துல மொத தடவயா உன் வாயால ஒரு பிரயோஜனம்."

"ஊர்ஸ் இங்க துணியக் கழட்டவே இல்ல!"

"கழட்டல. அடிச்சுப் போட்டவன்தான் உருவி, மடிச்சு, அடுக்கியிருக்கான். 'குளிக்க எறங்கினான்'னு காட்டறதுக்கு. அவன் மனசுல ஒரு படம் இருந்தது. தண்ணிக்குப் போறவன் துணிய எங்க வெப்பான்? தண்ணிக்குள்ள எறங்கற எடத்துல."

"அது மாமாவா இருந்தா…"

"உங்க மாமா பொறந்ததுலேர்ந்து ஆத்துல கெடக்கறவர். அவர் கொல பண்ணியிருந்தா துணி கீழ்த்துறையில இருந்திருக்கும். உலகத்துலயே இந்தத் தப்பப் பண்ண முடியாத ஆளப் பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. இந்தத் தப்பப் பண்ணணும்னா எறங்கின எடத்துலயே ஏறிப் பழகியிருக்கணும்."

"ஏரி," என்றான் ரூடி.

"ஏரி."

ஊர்ஸ் இந்த வாரம் கூட்டிப்போன தம்பதி: கொன்ராட், சிபில். சூக் ஏரிக்கரையில் சொந்த வீடு, சொந்தப் படித்துறை. திங்கட்கிழமை அதே சாராயக் கடையில் அடுத்த மேஜையில் உட்கார்ந்து ரெட்டோவின் மிரட்டலைக் கேட்டவர்கள். 'ஊர்ஸ் துணியை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு இறங்கினார், தூரத்தில் ஒரு தாடிக்காரர் நின்றார்' என்று போலீசுக்குத் தானாகப் போய்ச் சொன்னவர் கொன்ராட்.

வெரேனா போன் போட்டார். சூக்கில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் வெரேனாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டவர். வெரேனா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவரும் இன்னும் போனை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"கொன்ராடா? தெரியுமே," என்றது ஸ்பீக்கரில் குரல். "பாவம் மனுஷன். மொத சம்சாரம் ஏரில முழுகிட்டா. கரையில துணி அப்படியே இருந்தது. மறக்கவே முடியல வெரேனா. சட்டை, பாவாடை, மேல துண்டு, கடையில அடுக்கின மாதிரி. கூலிங் கிளாஸ் கூட எடது ஷூவுக்குள்ள…"

வெரேனா போனை வைத்தார். விடைபெறக்கூட இல்லை. அந்த மனிதருக்கு அது பழக்கம்தான்.

"ரூடி, அவங்க ஹோட்டலுக்குப் போன் போடு."

ஹோட்டல் வரவேற்பில் ஒரு பெண் உற்சாகமாகச் சொன்னாள்: "அவங்களா? நாளைக்கு ஊருக்குக் கெளம்பறாங்க. கடைசியா ஒரு தடவ நரிக்குழிக்குப் போயிட்டு வரோம்னு இப்பத்தான் பொறப்பட்டாங்க. ரெண்டு பேர் மட்டும். எவ்வளவு ரொமான்டிக்!"

*

வெரேனாவின் சின்ன சிவப்புக் காரை ரூடி ஓட்டினான். காடு இரண்டு பக்கமும் கிழிந்துகொண்டு போனது. பக்கத்தில் வெரேனா போலீசிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். "நரிக்குழிக்கு ஒரு வண்டி. அணைக்கு ஒரு வண்டி… ஆமா, அணைக்கு. கொக்கி வெச்ச கழிய எடுத்துக்கங்க… இல்ல, இன்னும் ஒண்ணும் வரல. வரும்."

நரிக்குழியில் ஆறு ஒரு பாறையைச் சுற்றி வளைகிறது. உட்பக்கம் தெளிந்த மடு, வெளிப்பக்கம் சீறிப் பாயும் ஓட்டம். நடுவே, கரையிலிருந்து நீளும் வெள்ளைக் கூழாங்கல் திட்டு. அந்தத் திட்டில் நரைமுடிக்காரர் ஒருவர் நீச்சல் ஜட்டியோடு முழந்தாளிட்டு ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். தலைமுடி ஈரமாகவே இல்லை.

"என்ன மிஸ்டர் கொன்ராட்," என்றார் வெரேனா, ஊன்றுகோலைக் கல்லில் ஊன்றி ஊன்றி வந்து. "சம்சாரம் எங்க?"

"நீந்திட்டிருக்கா." அவர் சட்டையின் கைகளை உள்ளே மடித்தார். "இப்ப வந்துருவா."

"எங்க வருவாங்க?"

"இங்கதான். துணி இங்கதானே இருக்கு?"

பாறைக்கு அந்தப் பக்கம் ஆறு ஒரு முறிந்த கிளையைத் தூக்கிக்கொண்டு போய், கண் இமைப்பதற்குள் வளைவுக்கு அப்பால் மறைத்தது. அந்தக் கிளை திரும்பி வரப்போவதில்லை.

அப்போதுதான் ரூடி பார்த்தான். கொன்ராடின் முழங்காலுக்குக் கீழே கூழாங்கற்கள் சிவப்பாக இருந்தன. ஒரு கல்லில் செம்பட்டை முடி நாலைந்து இழை ஒட்டியிருந்தது.

"மேடம், அந்த…"

அதற்குள் சட்டைக்கு அடியிலிருந்து கல் வந்தது. குறி நெற்றிப்பொட்டு. ரூடி தலையைத் திருப்பியதில் காதோரம் வாங்கினான். உலகம் மணி அடிக்க ஆரம்பித்தது. அடுத்த அடி தோளில். மூன்றாவதற்கு அவன் கையைக் கொடுத்தான், கையில் ஏதோ முறிந்தது. கொன்ராட் மூச்சு வாங்காமல், கோபப்படாமல், விறகு பிளப்பது போல் அடித்தான். வெரேனா ஒற்றைக் காலில் நின்று, ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்து, அவன் தோளெலும்பில் இறக்கினார். எலும்பு உடைகிற சத்தம் ரூடிக்குக் கேட்டது. மணி அடித்துக்கொண்டிருந்த காதிலேயே கேட்டது. கொன்ராட் ஊளையிட்டான். ஊன்றுகோலைப் பிடுங்கி வெரேனாவைக் கற்களின்மேல் தள்ளி, கழுத்தில் மிதிக்கக் காலைத் தூக்கினான்.

ரூடி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவன் கொள்கை குறுக்கே வந்திருக்கும். தலையைக் கீழே போட்டு ஓடி, கொன்ராடின் வயிற்றில் முட்டி, அவனையும் தன்னையும் சேர்த்துப் பாறைக்கு அந்தப் பக்கம் ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டான்.

குளிர் அவனை ஒரு முஷ்டி போல் மூடிப் பிடித்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. தண்ணீருக்கடியில் ஒரு கை அவன் தொண்டையைத் தேடிப் பிடித்து நெரித்தது. தெளிந்த பச்சைத் தண்ணீரில் கொன்ராடின் முகம் ஒரு முழத் தூரத்தில், கண் திறந்து, பொறுமையாக. இதை அவன் முன்னாலும் செய்திருக்கிறான். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ரூடி அந்தக் கையின் கட்டைவிரலை வாய்க்குள் இழுத்து, எலும்பு தட்டும்வரை கடித்தான். ரத்தம் புகை போல் விரிந்தது. பிடி விட்டது.

மேலே வந்து இருமியபோது நரிக்குழி எங்கேயோ பின்னால் போயிருந்தது. கரையில் மரங்கள் ஓடின. பாதையில் சிவப்புக் கார் கியர் அலற ஓடியது. இடது காலில் மாவுக்கட்டோடு, வலது காலாலேயே கிளட்சையும் பிரேக்கையும் மாறி மாறி மிதித்து வெரேனா அதை எப்படி ஓட்டினார் என்பதைப் பிற்பாடு அவரே விளக்க மறுத்துவிட்டார்.

கொன்ராட் மிதந்து வரவில்லை. அவன் நீந்திக்கொண்டிருந்தான். ஒரு தோள் உடைந்து, ஒரு கட்டைவிரல் தொங்க, மிச்சமிருந்த கையால் தண்ணீரை வெட்டி வெட்டி, ஓட்டத்துக்கு எதிராக, மேல்நோக்கி. அவன் துணி அங்கே இருந்தது. இறங்கிய இடம் அங்கே இருந்தது. வாழ்நாள் முழுக்க இறங்கிய இடத்திலேயே ஏறியவன் அவன். ஆறு அவனைத் தடுக்கவில்லை. முழு பலத்தோடு நீந்த விட்டது, ஓர் அடிகூட நகர விடவில்லை.

"விட்ரா முட்டாளே, கீழ போடா!" என்று ரூடி கத்தினான். ஏன் கத்தினான் என்று தெரியாது. கொலைகாரனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவன் வேலையில்லை.

பிறகு அவனே கீழே போனான். கைகால் அடிப்பதை நிறுத்தி, மல்லாந்து, காலை முன்னால் நீட்டி. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்ததை உடம்பு அவனைக் கேட்காமல் ஞாபகம் வைத்திருந்தது. வளைவைத் தாண்டியதும் கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு மரம். அதன் கிளையில் செம்பட்டைத் தலை ஒன்று மாட்டியிருந்தது. முகம் தண்ணீருக்கு வெளியே. நெற்றியிலிருந்து ரத்தம் கழுத்து வரை. கண்கள் திறந்தன.

"அவரா?" என்றாள் சிபில், பற்கள் கடகடக்க. "அவர் வர்றாரா?"

"வரல. மேல நீந்தறார்."

"மேலயா?"

"பேசாதீங்க. கிளைய விடுங்க. விட்டாத்தான் போக முடியும். நம்புங்க, நான் இதுல நிபுணன்."

அவள் நம்பினாள். வாழ்க்கையில் தவறான ஆட்களை நம்பிப் பழகியவள். ரூடி நல்ல கையை அவள் அக்குளுக்குள் கொடுத்துப் பின்னிக்கொண்டான். ஆறு இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது. துறவிப்படி வந்தது, போனது. கரையில் சிவப்புக் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஊரில் எல்லாரும் பிடித்து ஏறுகிற கம்பிகள். முதல் கம்பி எட்டவில்லை. இரண்டாவதில் விரல் பட்டு வழுக்கியது. முறிந்த கை வேலை செய்யவில்லை. தூரத்தில் அணையின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. ஊர்ஸ் மாட்டிக் கிடந்த இடம்.

கடைசிச் சிவப்புக் கம்பிக்குப் பக்கத்தில் வெரேனா படியில் மல்லாக்கப் படுத்து, மாவுக்கட்டுக் காலைக் கம்பியில் மாட்டி, ஊன்றுகோலை ஆற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தார். ஆறு எதை எங்கே கொண்டுவரும் என்பது அவருக்குத் தெரியும்.

"பிடி," என்றார், காபி நீட்டுவது போல்.

ரூடி கையால் பிடிக்கவில்லை. கை இல்லை. ஊன்றுகோலின் பிடியைப் பல்லால் கவ்வினான்.

இரண்டு பேரும் படியில் கிடந்து தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தபோது நடு ஆற்றில் கொன்ராட் அவர்களைக் கடந்து போனான். இன்னும் மேல்நோக்கியே நீந்திக்கொண்டிருந்தான். பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. அந்தக் கண்களில் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அணைத் தூணில் மொத்தென்று ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் கொக்கிக் கழியோடு போலீஸ்காரர்களின் கூச்சல். விலா நொறுங்கி, தாடை பெயர்ந்து, ஆனால் உயிரோடு தூக்கினார்கள். ஊர்ஸைத் தூக்கிய அதே கொக்கி.

"செவ்வாய்க்கிழம," என்றாள் சிபில். வெரேனாவின் கோட்டுக்குள் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "மடுவுல வெளையாட்டுக்குன்னு என் தலைய அமுக்கினார். ரொம்ப நேரம். ஊர்ஸ்தான் குதிச்சு இழுத்துப் போட்டார். எனக்கு அப்பவும் வெளையாட்டுன்னுதான்… ஊர்ஸ் சொன்னார், 'என் பழைய சிநேகிதன் ஒருத்தன் இருக்கான், கோவக்காரன், ஆனா ஆளு கெட்டி. அவன நாளைக்குத் தொணைக்குக் கூட்டிட்டு வரேன். உங்கள விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்'னு. மறுநாள் தனியாத்தான் வந்தார்."

ரூடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

அரசு வக்கீல் அன்று கையெழுத்துப் போட்டது ரெட்டோவின் விடுதலைத் தாளில். ஊர்ஸ் அன்று எதற்காகக் கதவைத் தட்டினான் என்று ரூடிதான் அவரிடம் சொன்னான். எப்படியும் தெரியத்தான் போகிறது, வேறு யாராவது சொல்வதைவிடத் தான் சொல்வது மேல் என்று தோன்றியது. ரெட்டோ கேட்டுக்கொண்டார். தாடையை ஒரு முறை தடவினார். "பல்லு ஒண்ணப் பேத்துட்டேனேடா," என்றார். சமையலறைக்குப் போய், எல்லாப் பாத்திரங்களையும் கழுவ ஆரம்பித்தார், சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்து.

அடுத்த வாரம் பூராவும் ரூடி மாவுக்கட்டுக் கையோடு ஆபீஸில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் தன் கொள்கையைச் சொன்னான். முன்பைவிடச் சத்தமாக. குளிர்ந்த தண்ணீரில் தானாக இறங்குகிற மனிதனுக்கு ஓட்டுரிமை தரக் கூடாது என்று புதிதாக ஒரு பகுதியும் சேர்த்திருந்தான்.

கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம், பல் டாக்டரிடம் போகிறேன் என்று வெரேனாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வெரேனா எந்தப் பல் என்று கேட்கவில்லை.

கடைசிச் சிவப்புக் கம்பிக்குப் பக்கத்துப் படியில் ஒரு கட்டம் போட்ட சட்டை கிடந்தது. மடிக்காமல் சுருட்டி வைத்திருந்தது. ரெட்டோவுடையது. ரூடி இரண்டு பக்கமும் பார்த்தான். தெரிந்தவர் யாரும் இல்லை. தன் சட்டையைக் கழற்றி, அதன் பக்கத்தில் அதே மாதிரி சுருட்டி வைத்தான். ஷூவைக் கழற்றி இரண்டையும் இரண்டு திசையில் விட்டான்.

பிறகு வெறுங்காலோடு, வெறுங்கையோடு, சரளை குத்தக் குத்த மேல்நோக்கி நடந்தான். வங்கி மேனேஜர் எதிரே வந்து தலையசைத்தார். ரூடியும் அசைத்தான். துறவிப்படியின் மேல்படியில் யாரோ ஒரு பீட்சா டப்பாவில் காட்டுப்பூக்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரூடி அதைத் தாண்டி மெல்ல இறங்கினான், அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லைச் சொன்னான், மல்லாந்தான்.

காதுகள் தண்ணீருக்குள் போயின.

அடியில், வெகு ஆழத்தில், ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பொரியை மெல்லுவது போல், கூழாங்கற்கள் உருண்டுகொண்டே இருந்தன. முதல் சிவப்புக் கம்பி வந்தது. கை நீட்டினால் பிடித்திருக்கலாம். ரூடி நீட்டவில்லை. கடைசிக் கம்பிக்கு இன்னும் நேரம் இருந்தது.